விமானத்தின் வானிலை ராடாரைப் படிப்பது எப்படி? வன்னிக்கு மேலே பறக்கப்போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் என் வீட்டு முன் அறையில் ஒரு சிமுலேட்டர் வைத்திருக்கிறேன். விமானி உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வந்து பழகுவார்கள். எல்லோருக்கும் கொடுக்கும் முதல் பயிற்சி ஒன்றுதான்: ஐப்பசி மாதப் பின்னேரம், இரத்மலானையிலிருந்து பலாலி, 15,000 அடி, மாங்குளத்துக்கு மேலே ஓர் இடிமுகில்.

போன விடுமுறையில் புதுக்குடியிருப்புப் பொடியன் ஒருவன் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, வழி கிளியர்" என்றான். திரை கறுப்பாகத்தான் இருந்தது. முகில் 30 மைலில் நின்றது. அவன் ராடாரின் டில்ட், அதாவது அலையை அனுப்பும் அன்டெனாவின் மேல்கீழ்ச் சாய்வு, புறப்பட்டபோது வைத்தபடியே 6 பாகை மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பிழையை வருகிறவர்களில் பாதிப்பேராவது செய்கிறார்கள். ராடாரைக் கமரா என்று நினைப்பதுதான் காரணம். கமரா முன்னால் உள்ளதை எல்லாம் காட்டும். ராடார், நீங்கள் எந்த உயரத்தை வெட்டிப் பார்க்கச் சொன்னீர்களோ அந்த உயரத்தை மட்டும் காட்டும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். இதில் மைல் என்று வரும் இடமெல்லாம் கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர்.

1. புறப்படுமுன் கையில் இருக்கவேண்டியவை

நான்கு விஷயங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு தேட நேரம் இருக்காது.

முதலாவது, உறைநிலை உயரம். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் 16,000 அடியை ஒட்டியே இருக்கும். அதற்குக் கீழே மழைத்துளி, மேலே போகப்போகப் பனிக்கட்டித் துகள். நீர்த்துளி ராடார் அலையை நன்றாகத் திருப்பி அனுப்பும், காய்ந்த பனித்துகள் மிகக் குறைவாகவே அனுப்பும். இந்த ஓர் எண் தெரியாவிட்டால் திரையில் வரும் நிறத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

இரண்டாவது, உங்கள் அன்டெனாவின் கற்றை அகலம், அதாவது அது அனுப்பும் அலை எத்தனை பாகைக்கு விரிகிறது என்பது. விமானத்தின் கைநூலில் இருக்கும். 30 அங்குல அன்டெனா என்றால் ஏறத்தாழ 3 பாகை, 18 அங்குலம் என்றால் 5.6, சிறிய விமானங்களின் 12 அங்குலத்துக்கு 8 பாகை. அன்டெனா சிறுக்கச் சிறுக்கக் கற்றை அகலும்.

மூன்றாவது, மேல்காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகம் என்பது. எந்தப் பக்கமாக விலகுவது என்று முடிவெடுக்க 8ஆம் படியில் இது வேண்டும்.

நான்காவது, முகில்கள் இப்போது எங்கே வளர்கின்றன என்ற படம். இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் கடைசி மூன்றையாவது அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரு படம் இடத்தைச் சொல்லும், மூன்று படம் வளர்ச்சியைச் சொல்லும். அதோடு இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் டொப்ளர் ராடார் படத்தையும் பாருங்கள். கிளிநொச்சி அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 180 கிலோமீற்றர், முல்லைத்தீவு 210. எங்கள் வானம் அந்த ராடாரின் 250 கிலோமீற்றர் வட்டத்துக்குள் விழுகிறது. பலாலியின் வானிலை அறிக்கையில் 'சிபி' என்ற இரண்டு எழுத்து இருந்தால் இடிமுகில் என்று பொருள். அதன் கீழ் கோடு போட்டு வையுங்கள்.

2. நிலத்தில் செய்யவேண்டியது

விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது மூக்குக் கூட்டில், அதாவது ரேடோமில், வெடிப்பு, பறவை மோதிய பள்ளம், தடிப்பாகப் பூசிய பெயின்ட் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். உள்ளே ஈரம் இறங்கியிருந்தால் அலையின் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். அப்புறம் திரையில் பலமான மழையின் சிவப்பு, அதைவிடக் குறைந்த மழையின் மஞ்சளாகத் தெரியும், ஏன் என்று உங்களுக்கு விளங்காது.

ராடாரை டெஸ்ட்டில் போட்டு நிறங்கள் ஒழுங்காக வருகின்றனவா என்று பாருங்கள். எரிபொருள் நிரப்பும்போதும், முன்னால் ஆட்கள் நிற்கும்போதும் அலை வெளியே போகக் கூடாது. பாதுகாப்புத் தூரம் கைநூலில் உண்டு. அதுவரை ஸ்டான்ட்பை, அதாவது அலை அனுப்பாமல் காத்திருக்கும் நிலை.

ஓடுபாதைக்குள் திரும்பியதும் போட்டு, டில்டை மேல்நோக்கி 10, 15 பாகை வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். தரையில் நிற்கும்போது 0 பாகையில் வைத்தால் கட்டடமும் மரமும்தான் வரும். மேல்நோக்கிப் பார்த்தால்தான் ஏறும் வழியில் நிற்கும் முகில் தெரியும். ஓடுபாதை முனையில் இன்னுமொரு நிமிடம் நின்று பார்ப்பதில் தவறில்லை.

3. டில்ட்: இதில்தான் எல்லாம் இருக்கிறது

இரவில் வயற்காவலுக்குப் பரணில் இருந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். டோர்ச் அடித்தால் பக்கத்து வரம்பில் வட்டம் சிறிதாக, பளிச்சென்று விழும். காட்டோரத்தில் அதே வெளிச்சம் அகன்று மங்கிப்போகும். கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் யானையின் தலைக்கு மேலாகப் போய் மரக்கிளையில் விழும். யானை அங்கேதான் நிற்கும், நீங்கள் காணமாட்டீர்கள்.

ராடார் கற்றையும் அப்படித்தான். அது எந்த உயரத்தில் விழுகிறது என்று கணக்கிட ஒரு சின்ன வாய்ப்பாடு போதும்:

பாகை × மைல் × 100 = அடி.

1 பாகை என்பது 10 மைலில் 1,000 அடி, 40 மைலில் 4,000 அடி. இதை மனப்பாடம் செய்யுங்கள், இந்த வழிகாட்டியில் மனப்பாடம் செய்யச் சொல்வது இது ஒன்றைத்தான்.

இப்போது அந்தப் பொடியனின் திரைக்குத் திரும்புவோம். உயரம் 15,000 அடி, கற்றை அகலம் 6 பாகை, முகில் 30 மைலில். டில்ட் 6 பாகை மேலே. 6 × 30 × 100 = 18,000. விமானத்தின் உயரத்தையும் கூட்டினால் கற்றையின் நடு 33,000 அடியில். கற்றையின் பாதி 3 பாகை, அது 9,000 அடி. ஆகவே அவன் பார்த்துக்கொண்டிருந்தது 24,000 முதல் 42,000 அடி வரை. உறைநிலைக்கு எட்டாயிரம் அடி மேலே, முழுக்கப் பனித்துகள்.

சிமுலேட்டரை அதே இடத்தில் உறையவைத்துவிட்டு, டில்டை ஒவ்வொரு பாகையாக இறக்கச் சொன்னேன். 5இல் ஒன்றுமில்லை. 4இல் ஒரு பச்சைப் புள்ளி. 3இல் பச்சைக்கு நடுவே மஞ்சள். 1இல் சிவப்பு. 0 பாகையில் கற்றை 6,000 முதல் 24,000 அடி வரை வெட்டியது, முகிலின் ஈரமான வயிறு முழுக்க அகப்பட்டது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம்வரை ஒரே சிவப்பு. பொடியன் கையை டில்ட் குமிழிலிருந்து எடுக்கவே இல்லை.

சரி, எங்கே வைப்பது? திரையின் தூரக் கோடியில் நிலத்தின் பச்சைத் தூவல் தோன்றும் வரை இறக்குங்கள். தோன்றியதும் அது மெல்லிய விளிம்பாக மிஞ்சும் அளவுக்குச் சற்று ஏற்றுங்கள். கற்றையின் அடி அந்தத் தூரத்தில் நிலத்தைத் தொடுகிறது என்பதற்கு அந்த விளிம்பே சாட்சி, அதனால் முகிலின் கீழ்ப்பகுதி தப்பாது. விமானம் ஏறினால் டில்ட் இறங்கவேண்டும், விமானம் இறங்கினால் டில்ட் ஏறவேண்டும்.

உயரத்தில் பறக்கும் ஜெட்டில் இது இன்னும் முக்கியம். 35,000 அடியில், 3 பாகைக் கற்றையில், டில்ட் 0 என்றால் 40 மைலில் நீங்கள் பார்ப்பது 29,000 முதல் 41,000 அடி வரை. முற்றிய இடிமுகில்கூட அங்கே வெறும் பச்சையாக வரும். 20,000 அடியைப் பார்க்க 15,000 அடி கீழே போகவேண்டும். 40 மைலில் பாகைக்கு 4,000 அடி, ஆகவே ஏறத்தாழ 4 பாகை கீழே.

இதில் இன்னொரு தடுமாற்றம் உண்டு. கிட்டப் போகப்போகச் சிவப்பு சிறுத்துக்கொண்டு வரும். "முகில் கலைகிறது" என்று சந்தோஷப்படுவார்கள். கலையவில்லை. தூரத்துக்கு வைத்த கற்றை, கிட்ட வந்ததும் முகிலின் தலைக்கு மேலாகப் போகிறது. சிறுத்தால் உடனே டில்டை இறக்கிப் பாருங்கள்.

டில்டைத் தானே மாற்றும் புதிய ராடார்களும் உண்டு. அவை இதே கணக்கைத்தான் உள்ளே செய்கின்றன. தானியங்கி பழுதானால் கணக்கு உங்கள் தலையில் இருக்கவேண்டும்.

4. நிலம் எது, மழை எது

பச்சையாக வருவதெல்லாம் மழை இல்லை. இதைப் பழக வெயில் நாள்தான் நல்லது. ஆடி மாதம், கச்சான் காற்று வீசும் தெளிந்த வானத்தில், டில்டை நன்றாகக் கீழே இறக்குங்கள். வன்னிக் காடு முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக வரும். அதற்கு நடுவே வெட்டி எடுத்ததுபோல் கறுப்பாகத் தெரிவது இரணைமடுக் குளம். வடக்கே நீளமான கறுப்பு, யாழ்ப்பாணக் கடல்நீரேரி. அலையில்லாத நீர் கண்ணாடிபோல அலையை முன்னோக்கித் தள்ளிவிடும், திரும்பி எதுவும் வராது. கரைக்கோடு அவ்வளவு துல்லியமாக விழும்.

வேறுபடுத்தும் முறை: டில்டை ஒரு பாகை, இரண்டு பாகை ஏற்றுங்கள். நிலம் உடனே மறையும், இல்லாவிட்டால் தூரக் கோடிக்கு ஓடும். மழை அதே இடத்தில் நிற்கும். வாடைக்காலத்தில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும்போது அலைகளும் பச்சைத் தூவலாக வரும், அதற்கும் இதே சோதனைதான்.

5. தூர அளவு

இரண்டு விமானிகள் இருந்தால் ஒருவர் திரையை 80 மைல் அளவிலும் மற்றவர் 40 மைல் அளவிலும் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பறந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெரிய அளவுக்குப் போய் வாருங்கள். கிட்டிய அளவில் மட்டும் பார்த்தால், இரண்டு முகில்களுக்கு இடையில் திறந்த வாசல்போல ஒன்று தெரியும். உள்ளே போன பிறகுதான் மூன்றாவது முகில் குறுக்கே நிற்பது தெரியவரும். தூர அளவை மாற்றும்போதெல்லாம் டில்டையும் திருத்தவேண்டும்.

6. நிறமும் வடிவமும்

பெரும்பாலான கருவிகளில் பச்சை என்பது மணிக்கு 4 மில்லிமீற்றர் வரையான மழை, மஞ்சள் 4 முதல் 12, சிவப்பு 12க்கு மேல். 50ஐத் தாண்டினால் சில கருவிகள் மெஜந்தா காட்டும். வேறு சில, மெஜந்தாவைக் குலுக்கலுக்கு வைத்திருக்கும். உங்கள் கருவி எது என்று கைநூலில் பார்த்துவிடுங்கள்.

நிறத்தைவிட, நிறம் மாறும் வேகத்தைக் கவனியுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒரு மைல் இரண்டு மைலுக்குள் நெருங்கி வந்தால், அங்கே காற்று மேலும் கீழுமாகப் பலமாக ஓடுகிறது. அகலமான பச்சைக்குள் மெல்ல மஞ்சள் வந்தால் அது பெரும்பாலும் சாதாரண அடைமழை. மார்கழியில் வன்னியை நாள்கணக்காக மூடும் மழை திரையில் அப்படித்தான் இருக்கும். ஐப்பசிப் பின்னேர முகில் சிறிதாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். சிறிதாக இருக்கிறதே என்று புதியவர்கள் அதைத்தான் அலட்சியம் செய்வார்கள். கொக்கி, விரல், 'ப' போன்ற வளைவு, பல்லுப் பல்லான விளிம்பு, இவற்றில் எதைக் கண்டாலும் ஆலங்கட்டி இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ராடாருக்குத் தெரியாதவையும் உண்டு. மூடுபனி, மெல்லிய முகில், மின்னல், தெளிந்த காற்றில் வரும் குலுக்கல் எதுவும் வராது. காய்ந்த ஆலங்கட்டியும் சரியாக வராது. நனைந்த ஆலங்கட்டிதான் எல்லாவற்றையும்விடப் பலமாகத் தெரியும்.

7. கெயின், பிறகு நிழல்

கெயின் என்பது திரும்பி வரும் அலையை ராடார் எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவு. அதை வழமையாக ஓட்டோவில், அதாவது தானியங்கியில், வைத்திருங்கள். திரை முழுக்கச் சிவப்பாக இருந்து எது மோசம் என்று தெரியாதபோது மட்டும் படிப்படியாகக் குறையுங்கள். கடைசிவரை சிவப்பாக நிற்பது எதுவோ அதுதான் நடு. பார்த்த கையோடு ஓட்டோவுக்குத் திருப்புங்கள். குறைத்ததை மறந்து பத்து நிமிடம் பறந்தால், அடுத்து வரும் முகில்கள் எல்லாம் பொய்யான பச்சையில் வரும். கெயினைத் தொட்டால் வாயால் சொல்லுங்கள், திருப்பும்போதும் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் நினைவு வைத்திருப்பார்.

நிழல் இதைவிட ஆபத்தானது. விமான ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். மூக்குக்குள் அடங்கும் அன்டெனாவுக்கு அது வசதி. ஆனால் கனமழை அந்த அலையை விழுங்கிவிடும். காரைக்கால் ராடார் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் அலையில் வேலை செய்வதால் மழையை ஊடுருவி அப்பால் பார்க்கிறது, எங்களால் முடியாது. முன்னால் பெரிய சிவப்பு, அதன் பின்னால் சுத்தமான கறுப்பு என்றால், அங்கே வானம் தெளிவு என்று பொருளில்லை. அலை அங்கே போய்த் திரும்பவில்லை.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டில்டைச் சற்று இறக்கி நிலத்தின் பச்சையை வரவழையுங்கள். முகிலுக்குப் பின்னாலும் நிலம் தெரிந்தால் அலை போய் வருகிறது. பின்னால் மட்டும் ஆப்பு வடிவில் நிலம் காணாமல் போயிருந்தால் அது நிழல். முகிலின் பின்விளிம்பு உள்நோக்கி வளைந்து பிறைபோல் இருப்பதும் இதே அறிகுறி. நிழலுக்குள் போகும் வழியை எந்தக் காரணத்துக்காகவும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

8. எப்போது, எந்தப் பக்கம் விலகுவது

முடிவு 40 மைலுக்கு முன் எடுத்திருக்கவேண்டும். காரணம் எளிய கணக்கு. 60 மைலில் 20 பாகை திரும்பினால், முகில் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்போது ஏறத்தாழ 20 மைல் விலகியிருப்பீர்கள். போகும்போதும் திரும்பி வரும்போதும் சேர்த்துக் கூடும் தூரம் 8 மைல் அளவுதான். 270 நொட், அதாவது மணிக்கு 270 மைல் வேகத்தில் அது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதே முகிலை 20 மைலில் கண்டு 45 பாகை திரும்பினாலும் 14 மைல் இடைவெளிதான் கிடைக்கும்.

பலமான இடிமுகிலிலிருந்து 20 மைல் விலகவேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவுரை. இரண்டு பலமான முகில்களுக்கு நடுவே போவதானால் அப்போது 40 மைல் இடைவெளி வேண்டும். புதியவர்கள் இதை நம்ப மறுப்பார்கள், திரையில் 10 மைல் இடைவெளி அவ்வளவு அகலமாகத் தெரியும்.

பக்கம் எது? காற்று வரும் பக்கம். கிழக்குக் காற்றென்றால் முகிலின் தலை மேற்கே சாய்ந்து பரவும். அந்தக் கூரைக்குக் கீழே குலுக்கலும் ஆலங்கட்டியும் வரலாம், திரையில் ஒன்றும் தெரியாமலேயே. ஆகவே கிழக்குப் பக்கமாகப் போங்கள். அங்கே கடல் பக்கம் புதிய முகில்கள் வரிசையாக வளர்ந்தால் அந்த வழியும் இல்லை. அப்படியானால் கூரையின் நுனிக்கும் அப்பால், நன்றாக மேற்கே மன்னார்க் கடலை ஒட்டிப் போகவேண்டும், இல்லாவிட்டால் திரும்பவேண்டும். திரும்பி வருவதற்கான எரிபொருளையும் முதலாம் படியிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முகிலுக்குக் கீழே புகுந்து போகும் யோசனையே வேண்டாம்.

கட்டுப்பாட்டு நிலையத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். "வானிலை காரணமாக வலப்பக்கம் 20 மைல் விலக வேண்டும்" என்று திசையும் தூரமும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கும் சுலபம்.

கீழே ஒட்டுசுட்டானிலோ முத்தையன்கட்டிலோ விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு வேண்டியதும் இதே முகில்தான். எங்கள் வீட்டாரும் வயல்காரர்தான், ஐப்பசியில் விமானம் விலகிப்போகும் நாட்களில் எனக்கு அந்த நினைவு வரும்.

9. இறங்கும்போது

பூநகரி தாண்டிப் பலாலிக்கு இறங்கத் தொடங்கும்போது டில்டை ஏற்றிக்கொண்டே வாருங்கள், இல்லாவிட்டால் திரை முழுக்க நிலமும் கடலும் நிறைந்துவிடும். தரையிறங்க முடியாமல் மீண்டும் மேலே ஏறவேண்டி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று இப்போதே பார்த்து வையுங்கள். ஓடுபாதைக்கு நேரே சிவப்பு நின்றால் தள்ளிப்போய்க் காத்திருங்கள். இப்படியான பின்னேர முகில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். கீழ்க்காற்று திடீரென மாறுவதை எச்சரிக்கும் வசதி உங்கள் ராடாரில் இருந்தால் நல்லது, அது மழையோடு வருவதைத்தான் நன்றாகப் பிடிக்கும், காய்ந்த காற்றுவீச்சைத் தவறவிடலாம்.

10. விமானம் இல்லாமல் பழக

ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரங்களில் காரைக்கால் படத்தைத் திறந்து வன்னிக்கு மேல் ஒரு செல்லை, அதாவது தனி இடிமுகிலை, தேர்ந்தெடுங்கள். தாளில் இரத்மலானையிலிருந்து பலாலிவரை ஒரு கோடு கீறுங்கள், மொத்தம் 180 மைல் அளவு. நீங்கள் புத்தளத்துக்கு நேரே 15,000 அடியில் இருப்பதாக வைத்து, அந்தச் செல் எத்தனை மைல், டில்ட் 0 என்றால் கற்றை எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை வெட்டும், எத்தனை பாகை திரும்பினால் 20 மைல் கிடைக்கும் என்று எழுதுங்கள். அடுத்த படம் வந்ததும் செல் வளர்ந்ததா, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்து, உங்கள் கோட்டைத் திருத்துங்கள். பிறகு வெளியே வந்து அதே முகிலைக் கண்ணால் பாருங்கள். அதன் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் தாளில் குறித்துவிடுங்கள்.